மெலிந்தவரையும் பற்றும் சலரோகம்

சலரோகம் பருத்த உடம்பினரையும் பணம் படைத்தோரையுமே பற்றும். வியர்வை சிந்தி உழைப்போரை அணுகாது என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். கண்டிக் குளத்தைச் சுற்றி அதிகாலையில் நடப்போரைக் கண்டு, “பாவம், சீனி வருத்தக்காரர் போலும்!” என நகைத்துச் செல்லும் மெலிந்த வாலிபரும் உளர். அந்த நகைப்புக்கு ஆதாரம் உண்டா என்று சிறிது ஆராய்வோம்.

கண்டிக்கு அண்மையில், பேராதனையில், 1962ஆம் ஆண்டில் மருத்துவ பீடம் தோன்றியது. அதனைச் சார்ந்த டாக்டர் இலங்கசேகரவும் அவர்தம் குழுவினரும் நாட்டுப்புற மக்களிடையே இந்நோயைக் கணக்கிட்டனர். 1990இல் ஆயிரவருக்கு 25 பேர் என்ற விகிதத்தில் இருந்த நோய், 2000இல் 85 பேர் என்ற விகிதத்துக்கு உயர்ந்திருந்தது. 2005-2006இல் நாடளாவிய ஆய்வொன்று நடைபெற்றது. வயது வந்தோரில் பத்தில் ஒருவருக்குச் சலரோகம் இருப்பது அதனால் தெரியவந்தது. அவர்களுள் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் தம் நோயைத் தாமே அறியாதிருந்தனர்.

கிராமத்தையும் இந்நோய் ஏன் பற்றியது? உணவும் உழைப்பும் மாறியமை ஒரு காரணம். மற்றொன்று நம் உடலமைப்பிலேயே மறைந்துள்ளது. அதனைத் துலக்கியவருள் முதன்மையானவர், இந்தியாவின் புனே நகரில் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்.

2004ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் இவரும் இலண்டன் டாக்டர் ஜோன் யட்கினும் அருகருகே நிற்கும் படமொன்று வெளிவந்தது. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் சுட்டெண் இருவருக்கும் ஒன்றே: 22.3. பார்வைக்கு இருவரும் மெலிந்தவரே. ஆயினும், உடற்கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு நூற்றுக்கு 9.1 பங்கும், யாஜ்னிக்குக்கு 21.2 பங்கும் இருந்தன! தராசு காட்டாத வேற்றுமை இது.

இதனால் விளையும் தீங்கு யாது? நாம் உண்ணும் சோறு குளுக்கோசாகி இரத்தத்திற் கலக்கிறது. சதையி சுரக்கும் இன்சுலின் அதனை உயிரணுக்களுட் செலுத்துகிறது. அதனைப் பெரிதும் ஏற்பவை தசைகள். தசை குறைந்து, வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலினின் ஏவல் எளிதில் நிறைவேறாது. சதையி மேன்மேலும் சுரந்து ஈற்றில் களைப்புறுகிறது. இரத்தத்தில் குளுக்கோசு தேங்குகிறது. இதுவே சலரோகம்.

இவ்வுடலமைப்பு கருப்பையிலேயே தொடங்குகிறது என்பதே யாஜ்னிக்கின் அரிய முடிபு. 1993இல் புனேக்கு அண்மையிலுள்ள ஆறு கிராமங்களில் தாய்மாரையும் சேய்களையும் அவர் ஆராயத் தொடங்கினார். அங்கு பிறந்த குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ரன் நகரில் 3.5 கிலோ. ஆனால், புனேக் குழந்தைகளுக்குத் தசை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. வயிற்றிலிருக்கையில் ஊட்டம் போதாத சிசு பற்றாக்குறைக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது. பின்னர் மிகுதியான உணவையும் குறைந்த உழைப்பையும் சந்திக்கும்போது இடர்ப்படுகிறது.

இச்செய்தி மலைநாட்டாராகிய நமக்கு அயலாருடைய கதையன்று. நாட்டின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் தோட்டப்புறங்களிலேயே எடை குறைந்த குழந்தைகள் மிகுதியாகப் பிறந்து வந்துள்ளன. கொழுந்துக் கூடையைச் சுமந்தவாறே கருவையும் சுமக்கும் தாயின் மகன், வளர்ந்து கண்டிப் பட்டினத்துக் கடையொன்றில் அமர்ந்து தொழில் செய்கிறான்; நாளுக்குப் பலமுறை சீனியிட்ட தேநீர் அருந்துகிறான். தாய் அன்று பட்ட பசியின் கடன், நாற்பது வயதில் அவனிடம் கேட்கப்படுகிறது.

ஆதலின், எடையை மட்டும் நம்பாது இடையையும் அளந்து பாருங்கள். நம்மவருள் ஆடவருக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்டிருக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை. பெற்றோர்க்கு இந்நோய் இருப்பின், மெலிந்தவராயினும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கருவுற்றோருக்கும் அப்பரிசோதனை இன்றியமையாதது.

எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்பதே நம் இல்லங்களிற் பெண்களின் வழக்கமாகிவிட்டது. கருவுற்ற பெண்ணுக்கேனும் முதலில் பரிமாறுங்கள். கீரையும் பருப்பும் மீனும் முட்டையும் அவள் தட்டில் இடம்பெறட்டும். பிறக்கவிருக்கும் பிள்ளைக்கு நாம் தேடிவைக்கும் முதற் செல்வம் அதுவேயாகும்.