ரசீதுப் புத்தகம் இல்லாத ஒரு பயணம்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் வாரம் என்பது சனிக்கிழமை மாலையை நோக்கியே நகர்கிறது. பட்டாசு ஆலையாயினும் அச்சகமாயினும் தீப்பெட்டி ஆலையாயினும் பெரும்பாலும் அன்றுதான் கூலி கைக்கு வருகிறது, மறுநாள் ஓய்வு. அந்த ஓய்வை எவ்வாறு கழிப்பது என்ற கேள்வி இப்போது நம் குடும்பங்களிலும் எழுந்துள்ளது. இந்த வாரம் எங்கே போகலாம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். குற்றாலம், கொடைக்கானல், இல்லையேல் மதுரையில் ஒரு வணிக வளாகம் என்று விடை வருகிறது. இவற்றில் எதையும் நாம் குறை சொல்லவில்லை. ஆயினும், எங்கே என்று கேட்கும் வீட்டில் யாரிடம் என்றும் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து.

ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள ஒரு நபிமொழியை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நடத்துகிறோம். ஒருவர் வேற்றூரில் வாழும் தம் சகோதரரைக் காணப் புறப்படுகிறார். அவர் செல்லும் வழியில் அல்லாஹ் ஒரு வானவரை நிறுத்தி வைக்கிறான். எங்கே செல்கிறீர் என்று வானவர் வினவுகிறார். இவ்வூரில் உள்ள என் சகோதரரைக் காண என்கிறார் அவர். அவரிடம் உமக்கு ஏதேனும் ஆதாயம் உண்டா என்பது அடுத்த வினா. இல்லை, அல்லாஹ்வுக்காக அவரை நேசிக்கிறேன், அவ்வளவே என்பது விடை. நீர் அவரை நேசித்தது போல் அல்லாஹ்வும் உம்மை நேசிக்கிறான் என்று அறிவிக்கவே தாம் அனுப்பப்பட்டதாக வானவர் கூறுகிறார்.

வானவரின் அந்த இரண்டாம் கேள்விக்கு முன்னால் நம் பயணங்களை நிறுத்தினால் எத்தனை தேறும்? திருமண அழைப்பு வைக்கப் போகிறோம். பெண் பார்க்கப் போகிறோம். கைமாற்றுக் கேட்கப் போகிறோம். மையித்துச் செய்தி வந்தால் ஓடுகிறோம். இவையும் வேண்டியவையே; இவற்றில் நன்மை இல்லை என்று யாரும் சொல்லார். ஆனால் காரணம் எதுவுமின்றி, காண வேண்டும் என்பதற்காக மட்டுமே ஒரு நண்பர் வீட்டுக்குச் சென்ற நாள் எது என்று கேட்டால் பலரும் சற்று யோசித்தே விடை சொல்வார்கள். மதரஸா ஆசிரியர்களின் நிலை இன்னும் வேடிக்கையானது. கடற்கரை ஊர்களில் நாம் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் வீட்டாரின் பார்வை முதலில் நம் கைப்பைக்குத்தான் செல்லும். ரசீதுப் புத்தகம் அதனுள் இருக்கும் என்பது அவர்களின் நீண்டநாள் அனுபவம்.

அண்மையில் ஒரு வார இறுதியில், ரசீதுப் புத்தகம் இன்றி, குடும்பத்தோடு காயல்பட்டினம் சென்று வந்தோம். நம்மோடு ஒரே மதரஸாவில் ஓதிய நண்பர்கள் இருவர் அங்கே வாழ்கிறார்கள். கோவில்பட்டி, எட்டயபுரம், தூத்துக்குடி வழியாக நூறு கிலோமீட்டருக்கும் கூடுதலான தொலைவு. கரிசல் காடு முடிந்து உப்பளங்கள் தொடங்கும் அந்தச் சாலையில் பழைய தொடர்பு ஒன்றும் உண்டு. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் எட்டயபுரத்தில் அடங்கியிருக்கிறார். கரிசல் மண்ணின் புலவரான அவரைக் கீழக்கரையின் வள்ளல் சீதக்காதி ஆதரித்தார். காயலில் பிறந்து கீழக்கரையில் அடங்கிய ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களிடம் நபிகளாரின் வரலாற்றுக் குறிப்புகளை நாடிப் புலவர் சென்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. உள்நாட்டு முஸ்லிமும் கடற்கரை முஸ்லிமும் ஒருவரையொருவர் தேடிச் சென்றதால் தமிழுக்கு ஒரு காப்பியம் கிடைத்தது. இன்றோ இரு தரப்பும் திருமண மண்டபத்தில் கைகுலுக்கிக்கொள்வதோடு சரி.

சிவகாசியிலிருந்து வருகிறோம் என்றதும் நண்பரின் பிள்ளைகள் வெடி எங்கே என்று கேட்டார்கள். பேருந்திலும் ரயிலிலும் வெடிபொருள் கொண்டுவருவது சட்டப்படி குற்றம் என்று விளக்கியபோது அவர்கள் முகம் வாடியது. சாத்தூர்க் காராச்சேவும், சிவகாசியில் அச்சான தொழுகை நேர நாட்காட்டியும் அந்த வாட்டத்தை ஓரளவு போக்கின. (காராச்சேவே போக்கியது என்பதுதான் உண்மை.)

இப்போது நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் மழையைவிடக் கூடுதல். அலைபேசித் தொடர்பு மீண்டதும் நண்பரை அழைத்தோம். உயிருக்குச் சேதமில்லை, அல்ஹம்துலில்லாஹ் என்றார். அதன் பின்னரும் பலமுறை பேசினோம். ஒவ்வொரு முறையும் நலம் என்றே சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஓர் ஆலிம் தம் இழப்பை அலைபேசியில் பட்டியலிட மாட்டார், அவ்வளவுதான்.

அவர் வீட்டு அலமாரியை நேரில் கண்டபோதுதான் விளங்கியது. கீழ்த்தட்டு முழுவதும் காலி. மேலே இருந்த கிதாபுகள் உப்பிப் போய், மூட முடியாமல் விரிந்து நின்றன. மிஷ்காத்தின் ஒரு பாகத்தை அவர் எடுத்துக் கொடுத்தார். தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மொட்டை மாடியில் வெயிலில் காய வைத்து, மீண்டும் அடுக்கியிருக்கிறார். அச்செழுத்து அப்படியே இருந்தது. ஓரங்களில் நாம் உஸ்தாதின் வாயிலிருந்து கேட்டு எழுதிய குறிப்புகள் மட்டும் நீல நிறக் கறையாகப் பரவிவிட்டன. அச்சிட்ட கிதாபைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். உஸ்தாத் வஃபாத்தாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் குறிப்புகள் எந்தக் கடையிலும் கிடைக்கமாட்டா. அதே பாடத்தை அதே பாயில் அமர்ந்து எழுதிய நம் பிரதி விருதுநகரில் நலமாக இருக்கிறது என்று சொன்னதும், அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து சென்று தேநீர் கொண்டுவரச் சொன்னார். நேரில் அமராமல் இந்தப் பேச்சு எழுந்திருக்க வாய்ப்பே இல்லை. எவருடைய நலம் விசாரிப்புக்கும் எட்டாத இழப்புகள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அவற்றை அலமாரிதான் காட்டும்.

நம் வட்டாரத்தாருக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் நாற்பது பேர்வரை மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளம். காலையில் தூக்குவாளியோடு போனவர் மாலையில் திரும்பாத வீடுகள் இங்கே எத்தனையோ. தீபாவளிக்குப் பின் பார்க்கலாம், பிள்ளைகளின் தேர்வுக்குப் பின் பார்க்கலாம் என்று சந்திப்பைத் தள்ளிப்போடும் வழக்கம் மற்ற ஊர்களில் இருக்கலாம். இந்த மண்ணில் வாழ்பவர்களுக்கு அது எப்படி இயலும் என்பது நமக்குப் புரியவில்லை.

இதைச் சொன்னவுடன் வீட்டுப் பெண்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். ஆண்களுக்கு ஓய்வு, நண்பர் வீட்டுப் பெண்களுக்கு இரண்டு நாள் அடுப்படி, இதுதானா உங்கள் ஸியாரத்? மிக நியாயமான கேள்வி. விருந்தோம்பல் மூன்று நாள் என்று நபி (ஸல்) அவர்கள் வரையறுத்தார்கள். வீட்டாருக்கு இடர் உண்டாகும் அளவுக்கு விருந்தாளி தங்கலாகாது என்பதையும் அதனுடன் சேர்த்தே சொன்னார்கள். முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் நம்மில் அதிகம். அனுமதி பெறாமல் வீட்டில் நுழையாதீர்கள், திரும்பிச் செல்லுங்கள் எனப்பட்டால் திரும்பிவிடுங்கள் என்பது சூரா அந்நூரின் கட்டளை. காயல்பட்டினத்தில் மணமான பின் பெண் தாய்வீட்டிலேயே இருக்க, மாப்பிள்ளைதான் அங்கு வந்து வாழ்கிறார். அங்கே நண்பரின் ஒப்புதல் மட்டும் போதாது. அவருடைய மாமியாரிடமும் அனுமதி பெற வேண்டும். ஒரு வாரம் முன்பே கேட்டுக்கொண்டோம். மதியம் ஒரே சஹன் சோறு, இரவில் வெளியில் வாங்கிய இடியாப்பம், அதற்கு மேல் அடுப்பு மூட்டக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் சென்றோம். மாமியார் நிபந்தனையை மீறி வட்டிலப்பம் செய்துவிட்டார். அது அவர் விருப்பம், நாம் மறுக்கவில்லை.

மத்ஹபு குறித்தும் சிலர் தயங்குகிறார்கள். நாம் ஹனஃபி, அவர்கள் ஷாஃபிஈ. பஜ்ரில் இமாம் குனூத் ஓதினால் ஹனஃபி மத்ஹபினர் கைகளைத் தொங்கவிட்டு மௌனமாக நின்றால் போதும். நாம் முஸாஃபிராக இருப்பினும் உள்ளூர் இமாமைப் பின்பற்றும்போது நான்கு ரக்அத்தை முழுமையாகத் தொழ வேண்டும். தனியே தொழுதால் கஸ்ர். கடற்கரை வீட்டு உணவில்தான் உண்மையான சோதனை. அவர்களுக்கு நண்டு ஹலால், நமக்கு இல்லை. நண்பர் அதை இத்தனை ஆண்டுகளாக நினைவில் வைத்திருந்தார். நம் தட்டில் வஞ்சிரம் மட்டுமே இருந்தது. அவர் பிள்ளைகள் அன்று நண்டு கேட்கக்கூட இல்லை. மத்ஹபு வேறுபாட்டை மேடையில் நாற்பது நிமிடம் விளக்குவதைவிட இது நம் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிந்தது.

அன்று அஸருக்குப் பின் கடற்கரையில் எல்லோரும் அமர்ந்திருந்தோம். யாரும் பெரிதாக எதுவும் பேசவில்லை. மற்றொரு நண்பர் தம் மகனின் வேலை குறித்துச் சொன்னார். பழைய மதரஸாச் சமையல்காரரின் சாம்பாரை நினைத்துச் சிரித்தோம். பெண்கள் தனியே ஒரு வட்டமாக அமர்ந்திருந்தார்கள். மஃரிப் பாங்கு கேட்டு எழுந்தோம்.

ஞாயிறு காலை மக்தபை விட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்று நாம் யாருக்கும் சொல்லவில்லை. அதை நம் மாணவர்களின் பெற்றோர் குறித்துக்கொள்ளவும். நாம் சென்றது பள்ளிக்கூடமும் மக்தபும் ஒருங்கே விடுமுறையாக இருந்த வாரத்தில். ஷஅபான் விடுமுறையில் நண்பர் விருதுநகர் வருகிறார். இரண்டு நாள் தங்கி நம் மிஷ்காத்தின் ஓரக் குறிப்புகளைத் தம் பிரதியில் எழுதிக்கொள்வதாகத் திட்டம். மாமியாரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு எண்ணெய்ப் பரோட்டா வேண்டுமாம். வெளியில்தான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையை இம்முறை அவர் விதித்திருக்கிறார்.