எமரால்டு ஷோகேஸில் ஒரு கடல்

எமரால்டு ஏரிக்கரையில் நாள் முழுக்கக் கல் பொறுக்கினாலும் கல்லாய்ப் போன ஒரு சிப்பிகூடக் கிடைக்காது. தேடுகிறவர் கண்ணில் கோளாறு இல்லை, மலை அப்படி. நீலகிரியின் சார்னோகைட் பாறை சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருவானது. ஓடுள்ள கடல் பிராணிகள் உலகத்தில் பெருகியதே ஏறக்குறைய 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான்.

ஆகவே எமரால்டில் ஒரு வீட்டு ஷோகேஸில் அப்படி ஒரு சிப்பி உட்கார்ந்திருந்தால், அது வேறு எங்கிருந்தோ மலையேறி வந்தது. அரியலூர் பக்கம் போய்வந்த உறவினர் கொடுத்திருக்கலாம். ஆன்லைனில் வாங்கியதாகவும் இருக்கலாம். பத்து வருஷம் கழித்து வீட்டுப் பிள்ளை எடுத்துப் பார்த்து, “இது என்னது, எந்த ஊரு?” என்று கேட்கும்போதுதான் சிக்கல்.

முதல் கேள்விக்கு ஓரளவு கல்லே பதில் சொல்லும். இரண்டு கைகளைக் கூப்பிப் பாருங்கள். ஒவ்வொரு கையும் தனியாகக் கோணல்தான். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஜோடி. மட்டி, சிப்பி வகைகளில் பெரும்பாலானவை இப்படி. வெற்றிலையோ வேறு மாதிரி: நடு நரம்புக்கு இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்கும். ஒரே ஓட்டில் அப்படி நடுக்கோடு போட்டுச் சரிபாதியாகப் பிரிக்க முடிந்தால், அது பிராக்கியோபாட் என்கிற வேறு குலம். பார்க்கச் சிப்பி போலிருக்கும், சொந்தம் கிடையாது.

சுருள் சங்கு போலத் தெரிவது அம்மோனைட் கூட்டமாக இருக்கலாம். மேல் ஓடு உதிர்ந்த இடத்தில் தெரியும் கோடுகளைப் பாருங்கள். வெறும் வளைவும் கோணலுமாகப் போனால் மிகப் பழசு. இலை விளிம்பு போல நுணுக்கமாக நெளிந்தால் அரியலூர்க் காலத்தை நெருங்குகிறோம்.

மிகப் பழசு என்றால் டெவோனியன் போன்ற காலம்: சுமார் 42 கோடி முதல் 36 கோடி ஆண்டுகளுக்கு முன். தமிழ்நாட்டில் அந்தக் காலக் கடல் பாறை கிடையாது. இந்தியாவில் அதற்கு இமயத்துக்குத்தான் போக வேண்டும். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் கடல் மிகவும் பிந்தியது, ஏறக்குறைய 11 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகள். ஆனால் பிராக்கியோபாட் கிடைத்தவுடனே டெவோனியன் என்று துள்ளிவிடக் கூடாது. அது டெவோனியன் கடலிலும் இருந்தது, அரியலூரிலும் உண்டு, இன்றைய கடலிலும் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் இரண்டாவது கேள்வி, ‘எந்த ஊரு?’, முதல் கேள்வியைவிடப் பெரியது.

1840-களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் இந்தக் கற்களைச் சேர்த்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றை விவரித்து எழுதினார். எந்தக் கல் எந்த ஊர் என்ற விவரம் கூடவே போயிருந்தது. அது இல்லாவிட்டால் அந்தப் பெட்டி வெறும் அழகுப் பொருள்தான். டெவோனியன் என்ற பேருமே 1839-இல் இங்கிலாந்தின் டெவன் மாவட்டப் பாறையைப் பார்த்து வைத்ததுதான். அந்தப் பாறைக்கு வயது சொல்ல உதவியது, அதிலிருந்த பவளங்களை உற்றுப் பார்த்த லான்ஸ்டேலின் கண்.

அரியலூர்ப் பக்கம் இன்று அவசரமும் சேர்ந்திருக்கிறது. கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லில் கிரிஃபியா என்ற சிப்பி அடுக்கடுக்காக இருக்கிறது. ஒரு ஓடு கிண்ணம், இன்னொன்று மூடி. கூப்பிய கைக் கணக்கு இதற்கு ஒத்துவராது. அந்தச் சுண்ணாம்புக்கல்தான் சிமெண்டு ஆலைக்குப் போகிறது. எமரால்டில் பூசிய சுவரில்கூட அந்தக் கடல் கொஞ்சம் கலந்திருக்கலாம்!

ஆன்லைனில் டிரைலோபைட் வாங்குகிறவர்கள் ஒரு லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மொராக்கோவிலிருந்து வரும் டெவோனியன் சரக்கில் போலியும் உண்டு. பரப்பில் குட்டிக் குட்டிக் காற்றுக்குமிழி தெரிந்தால் அது பிசினில் வார்த்தது.

உறவினர் கொடுத்த கல்லாக இருந்தால் இன்றே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்: எந்த ஊர், ஓடையா வயலா, எந்த வருஷம்? ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கல்லோடு வையுங்கள். பென்சிலில் எழுதுவது நல்லது. எமரால்டு ஈரத்தில் பேனா மை சீக்கிரம் கசிந்துவிடும்.