விரிவுரையால் விளையுமோ முனைவு?

தொழில் முனைவோரைப் பல்கலைக்கழகம் உருவாக்க இயலுமா என வினவினால், 'இயலும். அதற்கெனப் பாடம் வகுத்துவிட்டோம்' என்று ஐரோப்பியக் கல்வியாளர் விடையிறுக்கின்றனர். பாடம் வகுத்ததை நாம் மறுக்கவில்லை. அஃது எவர் நலத்திற்காக வகுக்கப்பட்டது என்பதே நம் வினா.

பிரிட்டனை முதற்கண் நோக்குவோம். 1981ஆம் ஆண்டில் அந்நாட்டில் பல்கலைக்கழகங்களுக்குரிய அரசு மானியம் வெட்டப்பட்டது. தொழில்நுட்பக் கல்வியில் பேர்பெற்ற சால்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன் மானியத்தில் ஐந்தில் இரண்டு பங்கிற்கும் மேலாக இழந்தது. தொழிலுலகோடு நெருங்கி நின்ற ஒன்றே மிகுதியாக அடிபட்டது என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆறே ஆண்டுகள் கழிந்தன. 1987இல் அதே அரசின் மனித ஆற்றல் ஆணையம் 'உயர்கல்வியில் முனைவு' என்றொரு திட்டத்தைக் கொணர்ந்தது. வரலாறும் இலக்கியமும் பயில்வோரையும் விடாது முனைவுப் பயிற்சி அளிக்க இசையும் நிறுவனத்திற்கு ஐந்தாண்டுகளில் பத்து இலட்சம் பவுன் வரை கிடைக்கும் என்றது. பறித்த கையே பிச்சையிட வந்தது; அப்பிச்சையையும் நிபந்தனையோடு இட்டது!

ஐரோப்பிய ஒன்றியத்தின் போக்கும் இதனின் வேறன்று. 'தொழில் முனைவு 2020' என்னும் செயல்திட்டத்தை அதன் ஆணையம் 2013 சனவரியில் வெளியிட்டது. கல்வியின் வாயிலாக முனைவோரைப் பெருக்குவோம் என்றது. அவ்வாண்டில் கிரேக்கத்திலும் ஸ்பெயினிலும் உழைக்க முன்வந்த இளைஞருள் பாதிக்கும் மேற்பட்டோர் வேலையின்றி நின்றனர். வேலைக்கு வழிசெய்ய வேண்டியவர் கைவிரித்துவிட்டு, 'வேலையை நீயே படைத்துக்கொள். அதற்கும் பாடம் உண்டு' என்பது கல்வியாகுமா? நாளை அவன் தோற்றால், பாடம் படித்தும் தேறாதவன் என்னும் பழியும் அவன் தலையிலன்றோ விழும்? 2016இல் ஒன்றியம் முனைவுக்குரிய திறன்கள் பதினைந்து என்று பட்டியலிட்டது. அறநெறிச் சிந்தனை அவற்றுள் ஒன்று. பிறரோடு இணைந்து உழைத்தல் மற்றொன்று. நல்லாசிரியர் எவரும் எப்பாடத்தின் வழியாகவும் ஊட்டக்கூடியவை இவை. இவற்றிற்கு முனைவு என்று பெயர் சூட்டுவானேன்?

நெதர்லாந்தின் தொழிற்கல்லூரி ஒன்றில், மாணவர் சிறு நிறுவனம் நடத்திப் பயிலும் பாடத்தைப் பொருளியலறிஞர் மூவர் ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டனர். பயின்றோர்க்குத் திறன் குறிப்பிடத்தக்க அளவில் வளரவில்லை; தொழில் தொடங்கும் விருப்பமோ குறைந்தே போயிற்று. இதனைத் தோல்வியென நகைப்போர் நகைக்கட்டும். தன்னிடம் உள்ளதையும் இல்லாததையும் ஒரு மாணவன் அளந்தறிந்தான் எனின், அவன் கற்றது சிறிதன்று. ஆனால் அந்த அளவறிதலுக்காகவா அரசுகள் பணம் கொட்டின?

பயன் விளைந்த இடமும் உண்டு. அதே நாட்டில், நெசவாலைகள் நலிந்து வீழ்ந்த கிழக்குப் பகுதியில் டுவென்டே பல்கலைக்கழகம் உள்ளது. தொழில் தொடங்க விழையும் பட்டதாரிக்கு இருக்க இடமும், ஆய்வுக்கூட வசதியும், வழிகாட்ட ஆளும், பண உதவியும் நல்கும் திட்டத்தை அது 1984இல் தொடங்கிற்று. நீச்சலைப் பற்றி உரையாற்றுவது வேறு; குளத்தில் இறக்கிவிட்டுக் கரையில் காத்து நிற்பது வேறு.

சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகம் 1997இல் தொடங்கிய முனைவுப் பள்ளியிலும் மாணவர் மெய்யான கண்டுபிடிப்புகளைக் கையிலெடுத்தே பயில்கின்றனர். இம்முறைக்குத் துணைநிற்பது அந்நாட்டுச் சட்டம். பல்கலைக்கழக ஆசிரியர் கண்டுபிடித்தது அங்கு ஆசிரியர்க்கே உரியது. தாம் விரும்பும் மாணவரை நம்பி அதனை அவர் ஒப்படைக்கலாம். இவ்வுரிமை முன்னர் வேறு நாடுகளிலும் இருந்தது. டென்மார்க் 2000இலும், ஜெர்மனி 2002இலும், நார்வே 2003இலும் அதனை ஆசிரியரிடமிருந்து நீக்கி நிறுவனத்தின் பக்கம் சாய்த்தன. முனைவுக் கல்வியை ஐரோப்பா எங்கணும் பரப்புவதற்கென 2006இல் மாநாடு கூடியது, அந்த நார்வேயின் தலைநகராகிய ஆஸ்லோவில்தான்.