தொடர்பைத் தேடினார்கள், சாதியைக் கேட்கவில்லை

கொரோனாக் காலத்து ஆய்வுக் கட்டுரைகள் என்றாலே எல்லாரும் அவசரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். புதிய வைரஸில் எச்.ஐ.வி.யை ஒத்த துணுக்குகள் இருப்பதாக டெல்லி ஆய்வாளர்கள் 2020 ஜனவரி 31-இல் இணையத்தில் ஏற்றிய கட்டுரை இரண்டே நாளில் திரும்பப் பெறப்பட்டது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி 'லான்செட்' மே 22-இல் வெளியிட்ட கட்டுரை ஜூன் 4-இல் விலக்கப்பட்டது. தப்பாக எழுதியது இப்படி எப்படியும் பிடிபட்டுவிடுகிறது. கேட்காமலே விட்டதை யார் பிடிப்பது?

தமிழ்நாடு, ஆந்திரத் தரவுகளை வைத்து ரமணன் லட்சுமிநாராயணன் குழு எழுதிய கட்டுரை அதே ஆண்டு செப்டம்பர் 30-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அன்றைய நம் சுகாதாரத் துறைச் செயலாளர் ஜெ. ராதாகிருஷ்ணனும் அதை எழுதியவர்களில் ஒருவர். நோய் உறுதியான 84,965 பேர், அவர்களோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேர். வெயிலில் வீடுவீடாக அலைந்த களப்பணியாளர்கள் சேர்த்த கணக்கு. அருமையான வேலை, சந்தேகமே இல்லை. நோயாளிகளில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினரிடமிருந்து, தேடிப்பிடித்த தொடர்புகளில் ஒருவருக்குக்கூடப் பரவியதாகத் தெரியவில்லை என்பதும், ஒத்த வயதினருக்கிடையே அதிகம் பரவியது என்பதும் அதில்தான் தெரிந்தது.

வயது இருக்கிறது, பாலினம் இருக்கிறது. சாதி இல்லை.

நான் வ. புதுப்பட்டிக்காரன். எங்கள் பக்கத்து ஊர்களில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள், யார் வீட்டுத் திண்ணை வரை யார் வரலாம், எந்தத் தெருச் சாவுக்கு எந்தத் தெரு போகும் என்பதையெல்லாம் முடிவு செய்வது எது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தொற்றுநோய் ஆய்வில் 'தொடர்பு' என்கிறார்களே, இங்கே அதற்கு வரப்பு கட்டியதே சாதிதான். ('சமூக இடைவெளி' என்ற சொல்லை அன்று அரசு விளம்பரத்தில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.) காற்றோட்டமில்லாத ஒற்றை அறை வீடு யாருக்கு, ஊரடங்கிலும் குப்பை அள்ளப் போனவர் யார் என்பதற்கும் அதே விடைதான்.

சாதியைக் கேட்டால் 'அந்தத் தெருவில்தான் நோய்' என்று முத்திரை குத்திவிடுவார்களே என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான பயம். ஆனால் எண் வராததால் முத்திரை குத்துவது நின்றதா என்ன? ஊர் வாய் அதைப் பாட்டுக்குச் செய்தது. எண் இல்லாததால் வசதியாக இருந்தது அரசுக்குத்தான். ஊரடங்கில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் பற்றி 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படித் தரவே இல்லை என்றது ஒன்றிய அரசு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும்கூட அன்று இறப்புப் பதிவில் இனம் கிடையாது. அவர்களுடைய புள்ளியியல் அலுவலகம் 2011 கணக்கெடுப்போடு இறப்புகளை இணைத்துப் பார்த்து, வயதைக் கணக்கில் எடுத்தால் கறுப்பினத்தவர் கொரோனாவில் இறக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட நான்கு மடங்குக்கும் மேல் என்று 2020 மே 7-லேயே வெளியிட்டது. அதன் பிறகு 'எல்லாரையும் ஒரே மாதிரி தாக்கும் நோய்' என்று அங்கே யாரும் எளிதாகச் சொல்ல முடியவில்லை.

2027 கணக்கெடுப்பில் சாதியைக் கேட்கப்போகிறார்கள். பெயர் வெளியே தெரியாமல் அதை நோய், இறப்புத் தரவுகளோடு இணைத்து ஆராய வழி செய்வார்களா? அடுத்த தொற்றுக்கான படிவத்தைச் சென்னையில் உட்கார்ந்து யாரோ தயாரிப்பதற்கு முன்பே இதைக் கேட்டாக வேண்டும்.