பறந்து விட்டால் வளர்ந்து விட்டதா?

குட்டீஸ்! உங்கள் வீட்டில் லவ் பேர்ட்ஸ் இருக்கிறதா? கூண்டில் மண் கலயம் கட்டி, முட்டைக்காகக் காத்திருக்கிறீர்களா? அப்படியானால், இந்த வாரம் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

என் அக்கா வீடு ஆம்பூரில் இருக்கிறது. பிரியாணிக்கும், ஷூவுக்கும் பேர் போன ஊர். அக்கா மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். அவன் வளர்த்த ஜோடிப் பறவைகள் முட்டையிட்டு, குஞ்சு பொரித்தன. ஒரு நாள் போனில், "மாமா, ரெண்டு குஞ்சு கலயத்தை விட்டு வெளியே வந்துடுச்சு! நல்லா பறக்குது!" என்று குதித்தான். மூன்றாம் நாளே, ஆளுக்கு ஒன்றாக இரண்டு நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்து விட்டான்.

நான்கு நாள் கழித்து மறுபடி போன். இந்த முறை அழுகை. ஒரு குஞ்சு இறந்து விட்டது. "கிண்ணம் நிறைய தினை இருந்துச்சு மாமா... ஏன் செத்துப் போச்சு?" என்று கேட்டான்.

கிண்ணத்தில் தினை இருந்தது உண்மை. ஆனால், அதை உடைத்துத் தின்ன அந்தக் குஞ்சுக்குத் தெரியாது. யாராவது ஊட்டுவார்கள் என்று காத்திருந்தே, பசியில் போய் விட்டது. "உடனே இன்னொரு குஞ்சை வாங்கி வந்து, அதன் அப்பாவிடம் விடு!" என்றேன். அந்தக் குஞ்சு பிழைத்தது. அப்பா பறவை ஓடி வந்து ஊட்டியதைப் பார்த்த பிறகுதான், என் மருமகனுக்கு விஷயம் புரிந்தது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பறக்கத் தெரிந்த குஞ்சு, வளர்ந்த குஞ்சு அல்ல! தானாகச் சாப்பிடும் வரை அதைப் பெற்றோரிடம் இருந்து பிரிக்கக் கூடாது.

நாம் லவ் பேர்ட்ஸ் என்று அழைக்கும் இந்தக் குட்டிக் கிளியின் சரியான பெயர், பட்ஜரிகர். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிதான் சொந்த ஊர். (உண்மையான லவ் பேர்ட்ஸ், ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு கிளிகள்!) ஜான் கூல்ட் என்ற பறவை அறிஞர், 1840ல் இவற்றை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அங்கிருந்து உலகம் முழுவதும் பரவி, இன்று நம் வீட்டுத் திண்ணை வரை வந்து விட்டன.

பெண் பறவை ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டையிடும். பொதுவாக, நான்கு முதல் ஆறு முட்டைகள். அடைகாக்கும் காலம் சுமார் 18 நாட்கள். ஒரே நாளில் எல்லாம் பொரிக்காது; ஒன்றன்பின் ஒன்றாகத்தான் பொரிக்கும். ஆறு குஞ்சுகள் என்றால், மூத்ததற்கும் கடைக்குட்டிக்கும் பத்து நாள் வித்தியாசம் இருக்கலாம். மூத்தது வெளியே பறக்கும்போது, கடைக்குட்டி கலயத்துக்குள் தான் கிடக்கும். எனவே, 'ஒன்று வந்து விட்டதே, எல்லாவற்றையும் கொடுத்து விடலாம்' என்று கணக்குப் போடாதீர்கள்.

பிறந்து நான்கு, ஐந்து வாரத்தில் குஞ்சு வெளியே வரும். அதுவரை கலயத்துக்குள் ஊட்டியவள் அம்மா. அவளுக்கு இரை கொண்டு வந்து கொடுத்தவர் அப்பா. குஞ்சு வெளியே வந்ததும் பெரும்பாலும் அப்பாதான் ஊட்டுகிறார். அப்பாவைப் பார்த்துத்தான், தினையை அலகில் உருட்டி, உமியை நீக்கி, பருப்பை மட்டும் விழுங்கும் வித்தையைக் குஞ்சு கற்கிறது. இந்தப் பள்ளிக்கூடம் ஒன்றிரண்டு வாரங்கள் நடக்கும். பாதியில் பள்ளியை நிறுத்தினால் எப்படி?

குஞ்சு 'பாஸ்' ஆகி விட்டதா என்று நீங்களே பார்க்கலாம். அப்பாவிடம் அலகை நீட்டிக் கெஞ்சுவதை நிறுத்தி இருக்க வேண்டும். தானே உமி நீக்கித் தின்ன வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு வாரம் பொறுங்கள். மொத்தத்தில், ஏழு அல்லது எட்டு வாரம் ஆனபின் கொடுப்பதே நல்லது.

'சின்னதாக வாங்கினால்தான் கையில் பழகும்' என்று சிலர் சொல்வார்கள். எட்டு வாரக் குஞ்சும் நன்றாகவே பழகும்; பொறுமை மட்டும் வேண்டும். கடைக்கு வாங்கப் போனால், குஞ்சின் நெற்றியைப் பாருங்கள். கருங்கோடுகள் மூக்கு வரை இறங்கி இருந்தால், அது இன்னும் இளசு. மூன்று, நான்கு மாதத்தில் முதல் இறகு உதிரும்போதுதான் அந்தக் கோடுகள் மறையும். கோடு உள்ள குஞ்சு என்றால், 'இது தானாகச் சாப்பிடுகிறதா?' என்று கேட்டு, சாப்பிடுவதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே வாங்குங்கள்.

கிண்ணத்திலும் ஓர் ஏமாற்று இருக்கிறது. பறவை, பருப்பைத் தின்று விட்டு உமியைக் கிண்ணத்திலேயே போட்டு விடும். பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும், ஊதினால் காலி! தினமும் காலையில் உமியை ஊதி விட்டு, புதுத் தினை போடுங்கள். குஞ்சு வெளியே வந்த நாட்களில், கூண்டின் தரையிலும் ஒரு தட்டில் கொஞ்சம் தினை வையுங்கள். தத்தித் தத்திக் கொத்திப் பழகும்.

முட்டையிடும் தாய்க்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேட்டால் தருவார்கள். கணவாய் மீனின் உள் ஓடு அது. கூண்டில் கட்டி விட்டால் கொறித்துக் கொள்ளும். கொத்தமல்லித் தழையை நன்றாகக் கழுவிக் கொடுக்கலாம். சாக்லெட், வெண்ணெய்ப் பழம் இரண்டும் பறவைக்கு விஷம்.

இப்போது, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, வேலூர் பக்கத்துக் குட்டீஸ் கவனமாகக் கேளுங்கள். உங்கள் பகுதியில் எத்தனையோ அம்மாக்கள், ஷூவின் மேல் பாகத்தை வீட்டில் வைத்தே தைத்துக் கொடுக்கிறார்கள். சில வீடுகளில் ஒட்டும் பசை டப்பாவும் இருக்கும். அந்த நெடி நமக்குத் தலைவலி தரும்; பறவைக்கோ உயிருக்கே ஆபத்து. காற்றில் இருந்து ஆக்சிஜனை நம்மை விட நன்றாக உறிஞ்சும் நுரையீரல் பறவையுடையது. நச்சையும் அதே வேகத்தில் உறிஞ்சி விடும்!

இதை அறிந்துதான், இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், கேனரி என்ற சிறு பறவையைக் கூண்டில் வைத்துச் சுரங்கத்துக்குள் கொண்டு போனார்கள். பறவை தள்ளாடினால், விஷ வாயு இருக்கிறது என்று அர்த்தம். உடனே ஆட்கள் வெளியேறி விடுவார்கள். 1986ல்தான் அந்த வேலையைக் கருவிகளிடம் ஒப்படைத்தார்கள். அதனால், பசை டப்பா திறக்கும் அறையில் கூண்டு வேண்டாம். கொசுவர்த்தி, அடுப்புப் புகைக்குப் பக்கத்திலும் வேண்டாம். பசையை ஜன்னல் திறந்த இடத்தில் பயன்படுத்தினால், அது அம்மாவுக்கும் நல்லதுதானே!

அடுத்தது வெயில். கத்திரியில் உங்கள் ஊர் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. தகரக் கூரையின் கீழ் கட்டிய மூடிய கலயம், குஞ்சுகளுக்கு அடுப்பு மாதிரி. ஏப்ரல், மே மாதங்களில் கலயத்தையே எடுத்து விடுங்கள். கலயம் இல்லா விட்டால், பெரும்பாலும் முட்டையிடாது. பறவை அலகைத் திறந்து மூச்சு வாங்கினால், உடனே நிழலுக்கு மாற்றுங்கள்.

கலயத்தை எடுக்க இன்னொரு காரணமும் உண்டு. குஞ்சுகள் வெளியே வருவதற்குள்ளேயே, தாய் அடுத்த முட்டைக்குத் தயாராகி விடுவாள். அப்போது சில தாய்ப் பறவைகள், சொந்தக் குஞ்சையே கொத்தி விரட்டும். அப்படி நடந்தால், குஞ்சுகளை அப்பாவோடு வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை குஞ்சு பொரித்தால் போதும். அதற்கு மேல் போனால், தாயின் உடம்பு தாங்காது. பிறக்கும் ஒவ்வொரு குஞ்சுக்கும் நல்ல வீடு கிடைக்குமா என்றும் யோசியுங்கள். கிடைக்காது என்றால், கலயமே கட்டாதீர்கள்.

'பறக்க விட்டு விட்டால் போச்சு' என்று நினைக்காதீர்கள். கூண்டில் பிறந்த குஞ்சுக்கு, வெளியே இரை தேடத் தெரியாது. காக்கைக்கும் பருந்துக்கும் தான் விருந்தாகும்.

நம் ஊர் பச்சைக்கிளியையோ, மைனாவையோ கூண்டில் அடைப்பது கூடவே கூடாது. 1972ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வேப்ப மரத்தடியில் இறகு முளைத்த மைனாக் குஞ்சு தத்திக் கொண்டிருந்தால், அது அனாதை என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கி வந்து விடாதீர்கள். அதற்கும் இப்போது பள்ளிக்கூடம் நடக்கிறது. அம்மாவும் அப்பாவும் பக்கத்துக் கிளையில் தான் இருப்பார்கள். பூனை, நாய் வந்தால், குஞ்சைத் தாழ்ந்த கிளையில் வைத்து விட்டு விலகி நில்லுங்கள்.

'பறவையைக் கூண்டில் வைப்பதே தப்பு' என்று சொல்பவர்களும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. புதிதாக வாங்க நினைப்பவர்கள் அதையும் யோசியுங்கள். ஆனால், ஏற்கெனவே வளர்ப்பவர்கள் பொறுப்பில் இருந்து நழுவ முடியாது. கலயம் கட்டியது நம் கை. அதில் பிறந்த உயிருக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அக்கா மகன் இப்போது என்ன செய்கிறான் தெரியுமா? கூண்டின் பக்கத்தில் ஒரு காலண்டர் தொங்க விட்டிருக்கிறான். குஞ்சு வெளியே வந்த நாளில் ஒரு வட்டம். தானாகத் தினை உடைத்த நாளில் இன்னொரு வட்டம். 'ரெண்டாவது வட்டம் போட்டு ஒரு வாரம் ஆகட்டும், அப்புறம் தரேன்!' என்கிறான், கேட்டு வரும் நண்பர்களிடம்.

உங்கள் வீட்டுக் காலண்டரிலும் அந்த இரண்டாவது வட்டத்துக்கு இடம் வையுங்கள், குட்டீஸ்!