வெள்ளையணு நார்மல்... அப்புறம் ஏன் நிமோனியா?

"வெள்ளையணு நார்மல், பயப்பட ஒண்ணுமில்ல." நிமோனியா, காதில் சீழ் என்று குழந்தையோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையும் பெற்றோருக்கு இது ஆறுதல்தான். ஆனால் சில குழந்தைகளுக்கு இந்த ஆறுதலே ஆபத்து!

வெள்ளையணு போர்வீரன், கிருமி எதிரி என்று படித்தோமே, அந்த வீரனுக்கு எதிரியைப் பிடித்துக் கொடுப்பது யார் என்று கேட்டோமா? நிமோகாக்கஸ் கிருமி வழுக்கும் உறை ஒன்றைப் போர்த்திக்கொண்டு திரியும். அதன்மேல் ஆன்டிபாடி ஒட்டினால்தான் நியூட்ரோஃபில்லால் ஒழுங்காகப் பிடித்து விழுங்க முடியும். ஆன்டிபாடி இல்லையென்றால்? வெள்ளையணு ஆயிரக்கணக்கில் இருக்கும், வேலை நடக்காது.

ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்லும் வெள்ளையணு வகைதான். அது அடியோடு இல்லாவிட்டாலும் மொத்த எண்ணிக்கை நார்மல் என்று வரலாம். இதைத்தான் ரிப்போர்ட்டில் பார்த்துத் திருப்திப்படுகிறோம்!

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1952-லேயே அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், அடிக்கடி ரத்தத்தில் தொற்று வந்த 8 வயதுப் பையனின் ரத்தத்தில் காமா குளோபுலினே இல்லை என்று காட்டினார். மாதாமாதம் அதையே ஊசியாகப் போட்டார், பையன் தேறினான். இதற்குக் காரணமான பிடிகே மரபணு 1993-ல் தெரிந்தது.

ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் அளவைப் பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை போதும். தர்மபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ ஒரு குழந்தை மூன்றாவது முறை நிமோனியாவோடு வந்தால், இன்னொரு ஆன்டிபயாடிக் சீட்டோடு மட்டும் திரும்பக் கூடாது.

புரூட்டன் கண்ட நோய் எக்ஸ் குரோமோசோம் வழியாக, பெரும்பாலும் தாயிடமிருந்து மகனுக்கு வருவது. காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி தேடும் ஊர் நம்முடையது. சின்ன வயதிலேயே காய்ச்சலில் போன தாய்மாமன் யாரும் உண்டா என்று கேட்பது அவ்வளவு கஷ்டமா? கேட்பது அம்மாவைக் குற்றம் சொல்ல அல்ல, பிள்ளையைக் காப்பாற்ற.

சிகிச்சைக்குச் செலவு அதிகம், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஆயுள் முழுக்க இம்யூனோகுளோபுலின் ஏற்ற வேண்டும். உண்மைதான். ஆனால் 2021-ம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையில் இந்தச் சிகிச்சையும் இருக்கிறது. நோயையே கண்டுபிடிக்காவிட்டால் எதை வைத்து உதவி கேட்பது?

இதற்கு நடுவில் 'எதிர்ப்புச் சக்தி பவுடர்' வியாபாரம் வேறு! பி செல் இல்லாத உடம்பில் எந்தப் பவுடரும் ஆன்டிபாடியை உண்டாக்காது.

அடுத்த முறை யாராவது "நார்மல்" என்றால் விடாதீர்கள் மக்களே. எண்ணிக்கை நார்மலா, வேலை நார்மலா என்று கேளுங்கள்.