பலேர்மோவில் ஒரு பகற்சாப்பாடு

அயல்நாடு செல்லும் நம்மவரிற் பலர், பயணப் பெட்டியின் மூலையில் மிளகாய்த்தூளும் சம்பற் போத்தலும் வைக்காமற் புறப்படுவதில்லை. அதிற் குற்றங் காண நாம் வரவில்லை. ஆயினும், ஓர் ஊரை அறிய விரும்புவோர் அவ்வூரார் நாள்தோறும் உண்பதை, அவர்கள் உண்ணும் இடத்திலேயே ஒருமுறையேனும் உண்டு பார்த்தல் வேண்டும் என்பது நமது கட்சி. இத்தாலியில் அதற்கேற்ற இடம் 'திரத்தோரியா' எனப்படும் சிறு சாப்பாட்டுக் கடையாகும்.

ஆடம்பரமான உணவுச்சாலையை அங்கே 'றிஸ்தொறாந்தே' என்பர். 'ஒஸ்தெரியா' என்பது முற்காலத்தில் வைன் விற்ற இடம். சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்து அங்கிருந்து உண்டவர்களும் உளர். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது திரத்தோரியா. பெரும்பாலும் ஒரு குடும்பத்தாரே அதனை நடத்துவர். இக்காலத்தில் இளந்தலைமுறையினர் சிலர் அதற்குப் புதுக்கோலம் கொடுத்திருக்கின்றனர். நாம் சென்ற கடையும் அத்தகையதே: வெள்ளையடித்த சுவர், பத்து மேசைகள், அன்றைய உணவுகளை எழுதிவைத்த ஒரு கரும்பலகை. சிசிலித் தீவின் தலைநகராகிய பலேர்மோவில், பல்லாறோ சந்தைக்கு அருகே ஓர் ஒழுங்கைக்குள் அது இருந்தது.

நாமும் துணைவியாரும் மரக்கறி உணவினர். ஆகவே சிறிது அச்சத்துடனேயே அமர்ந்தோம். முதலில் வந்தது 'பனெல்லே'. கடலைமாவை நீரிற் கரைத்து, களியாகக் கிண்டி, பரப்பி ஆறவிட்டு, துண்டுகளாக வெட்டிப் பொரித்தது. எள்ளுத் தூவிய பாணுக்குள் வைத்து வீதியிலும் விற்கிறார்கள். அடுத்து 'கப்பொனாத்தா': பொரித்த கத்தரிக்காயுடன் செலரி, வெங்காயம், தக்காளி, ஒலிவ் காய், உப்பிலிட்ட கேப்பர் மொட்டு ஆகியன சேர்த்து, வினாகிரியும் சீனியும் விட்டு இறக்கியது. ஒரு வாய் வைத்ததும் துணைவியார், "இது நம்முடைய கத்தரிக்காய் மோஜு அல்லவா!" என்றார். முற்றிலும் அன்று, ஆயினும் உறவு தெரிகிறது.

அந்த உறவுக்குக் காரணம் உண்டு. கத்தரி ஆசியாவிற் பிறந்த செடி. அராபியர் கைவழியே அது மத்தியதரைக் கடற்கரைகளை அடைந்தது. பலேர்மோவை அவர்கள் 831ஆம் ஆண்டிற் கைப்பற்றினர். 1072இல் நோர்மானியர் அதனைப் பிடித்தனர். கரும்பும் எலுமிச்சையும் சிசிலியில் வேரூன்றியது அராபியர் ஆண்ட அக்காலத்திலேதான். தக்காளியோ 1492இன் பின் அமெரிக்காவிலிருந்து வந்தது. பாஸ்தாவை மார்க்கோ போலோ 1295இற் சீனத்திலிருந்து கொண்டுவந்தார் என்னும் கதையை மாணவர்கள் கேட்டிருப்பார்கள். அதனை நம்ப வேண்டா. பலேர்மோ அரசவையில் இருந்த புவியியலாளர் அல் இத்ரிசீ, அயலூராகிய திராபியாவில் உலர்ந்த பாஸ்தா செய்து கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்தனர் என்று 1154இலேயே எழுதிவிட்டார்.

நாம் சோற்றையுங் கறியையும் ஒருங்கே பிசைந்து உண்பவர்கள். அங்கே பாஸ்தா தனியாக முன்னே வரும். மீனும் இறைச்சியும் பின்னே வரும். பலேர்மோவாரின் பெருமைக்குரிய பாஸ்தா, சாளை மீனும், காட்டுப் பெருஞ்சீரகத் தழையும், முந்திரிகை வற்றலும், பைன் விதையும், குங்குமப்பூவும் சேர்ந்தது. மீன் வாங்க இயலாத வறியவர்கள் மீனை விட்டு மற்றவற்றை மட்டும் இட்டுச் சமைத்து, அதற்கு 'சாளை கடலில் இருக்கும் பாஸ்தா' என்று பெயரிட்டனர்! வறுமையிலும் நகை குன்றாத மக்கள். பாற்கட்டிக்குப் பதிலாக வறுத்த பாண்தூளைத் தூவுவதும் அவர்கள் வழக்கமே. நமக்கு அதுவே போதும் என்று தமிழிற் பேசிக்கொண்டிருக்கையில், அடுக்களைக் கதவருகே ஒரு குரல் கேட்டது.

"ஐயா, நெத்தலி போடாமச் செய்யச் சொல்லட்டோ? சில பேர் அதுக்குள்ள நெத்தலி கரைச்சு விடுவினம். ஊரிலை நீங்கள் எவடம்?"

சமையற்காரர் நம்மவர்! 1980களிலிருந்து பலேர்மோவிற் குடியேறிய ஈழத்தமிழர் பலர். இவரும் வீட்டுவேலைக்கு வந்து, பின்னர் இக்கடையிற் கோப்பை கழுவி, கடைக்காரரின் தாயாரிடம் சமையல் கற்றவர். அம்மூதாட்டிக்கு இப்போது அடுப்படியில் நிற்க இயலாது. அவர் ஓய்ந்தபோது கடையை மூடிவிடவே மகன் எண்ணியிருந்தாராம். இன்றும் காலையில் மூதாட்டி வந்து, கப்பொனாத்தாவைச் சுவைத்து, புளிப்புக் குறைந்தாற் கரண்டியால் மேசையைத் தட்டுவாராம்.

"அவவின்ரை கைப்பக்குவத்தை நான் காப்பாத்திப் போட்டன் ஐயா," என்றார் அவர். "என்ரை அம்மான்ரை ஒடியற் கூழைத்தான் வீட்டிலை ஒருத்தரும் பழகேல்லை. மகள் இந்த ஊர்ச் சாப்பாடெல்லாம் வடிவாச் சமைப்பாள். கூழ் எண்டால் சிரிப்பாள்."

அதற்கு நாம் என்ன விடை கூறுவது? பாஸ்தா வந்தது; பேசாமல் உண்டோம். உண்மையைச் சொன்னால், நாம் இத்தாலியில் உண்டவற்றுள் அதற்கு இணை வேறொன்றில்லை.

எழுந்தபோது பில்லில் 'கொப்பேர்த்தோ' என்று ஆளுக்கு இரண்டு யூரோ இருந்தது. ஏமாற்று என்று எண்ணிச் சண்டையிட வேண்டா. பாணுக்கும் மேசைக்குமாகப் பல கடைகளில் வாங்கும் கட்டணம் அது. வாயில்வரை வந்த சமையற்காரர், ஊருக்குப் போனதும் ஒரு கிலோ ஒடியல் மா அனுப்ப முடியுமா என்று தயங்கிக் கேட்டார். மகள் அந்த ஞாயிறு வீட்டில் நிற்பாளாம். ஒருநாள் பக்கத்தில் இருத்திக் காய்ச்சிக் காட்டலாமாம்.

சென்ற மாதம் இரண்டு கிலோவாக அனுப்பியிருக்கிறோம்.